எந்தத் தலைக்கு எந்த சாஸ்திரம்

வா பேராண்டி, உட்காரு. திண்ணையில இல்லே, அங்க சாயம் தோய்ச்ச பட்டு காயுது. இப்படித் தறிக்குழி ஓரமா உட்காரு. காலை மட்டும் உள்ளே விட்டுடாதே. மிதிப்பலகையை நீ மிதிச்சா ஒரு இழை அறும். அப்பால நான் பேசுற பேச்சு எந்த சாஸ்திரத்துலயும் இருக்காது.

கல்யாணம்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். ஆனா மூஞ்சியில மாப்பிள்ளைக் களையைக் காணோமே, வாய்தாவுக்குப் போறவன் களையில்லே இருக்குது! தெரியும், உன் அத்தைக்காரி காலையிலேயே வந்துட்டுப் போனா. "சித்தப்பா, சாஸ்திரப்படி நடக்கணும், இல்லேன்னா நான் மண்டபத்து வாசப்படி ஏற மாட்டேன்"னு இங்கதான் நின்னு கண்ணைத் துடைச்சுகினா. இப்ப சாயந்தரம் நீ வந்து, "ரெண்டாயிரம் வருஷத்துப் புஸ்தகத்துக்கு இந்தக் காலத்துல இன்னா தாத்தா மரியாதை?"னு மூச்சு வாங்குறே. ஆனா ரெண்டு பேரும் முகூர்த்தப் புடவைக்கு மட்டும் மறக்காம என்கிட்ட வந்துட்டீங்க. அவ அரக்குன்னா, நீ மாம்பழக் கலர்ங்கிறே. எனக்கு ரெண்டு கட்சியும் வேணும்டா. புடவை ஒண்ணுதானே.

சாஸ்திரம் வேணுமா வேணாமான்னு போயும் போயும் என்னைக் கேட்டியே. பிள்ளையார்பாளையத்துல பொறந்து அறுபது வருஷமா இந்தக் குழியில காலை விட்டுகினு கிடக்கிறவன் நான். இடுப்புக்குக் கீழே மண்ணுக்குள்ள, மேலே வெளிய. பாதி புதைச்ச ஆளைக் கேட்டா பாதி பதில்தான் வரும். பரவாயில்லையா? அப்ப கேளு.

எனக்கு சாஸ்திரத்து மேல பயம் வந்தது ஒரே ஒரு தடவை. சாலைத் தெரு மடத்துல இருந்தாரே, 1894-ல பொறந்து நூறு வயசைத் தொட்டுட்டுப் போன பெரியவர், அவர் பட்டு வேணாம்னாரு. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான பூச்சி சாவுது, வரதட்சணையோட சேர்ந்து பட்டும் ஏழை வீட்டுக் கல்யாணத்தை அமுக்குதுன்னு வருஷக்கணக்கா சொன்னாரு. அவர் சொன்னதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. ஒரு கூட்டைப் பிரிச்சா ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நூல் வரும். அது அறுபடாம வரணும்னா பூச்சி கூட்டைத் துளைச்சுகினு வெளிய வரக் கூடாது. அதனால உள்ளே இருக்கும்போதே கொதிதண்ணியில போட்டுடறது. அந்த நூலைத்தான் மடி, ஆசாரம், சாமிக்கு உகந்ததுன்னு கட்டிகினு கோயிலுக்குப் போறோம். பருத்தியைத் துவைச்சாத்தான் மடி. பட்டுக்கு அதுகூட வேணாம். பூச்சிகிட்ட யாரும் அபிப்பிராயம் கேட்கலே.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. மடத்துக்கும் காந்தி ரோட்டுக் கடைங்களுக்கும் நடக்கிற தூரந்தான். பெரியவர் வார்த்தையை வேதவாக்குன்னு கும்பிடுற சனம் எல்லாம் நாளைக்குப் பருத்திக்கு மாறிட்டா என் தறி என்ன ஆவும், என் புள்ளைங்க சோத்துக்கு என்ன பண்ணும்னு ராத்திரியெல்லாம் புரண்டேன். காலையில போய்ப் பார்த்தா, மடத்துல அவர் கால்ல விழுந்து எழுந்தவங்க நேரா காந்தி ரோட்டுக்கு வந்து, "நல்ல கெட்டிச் சரிகையா காட்டுங்க"ங்கிறாங்க! அந்தப் பக்தி இல்லேன்னா இந்தத் தாத்தா அன்னிக்கே பட்டினி.

அன்னிக்குப் பிடிபட்டுச்சு எனக்கு ஒரு கணக்கு. நம்ம சனத்துக்கு சாஸ்திரம்னா உசுரு. ஆனா அது அடுத்தவன் தலையில விழணும். தன் தலையில விழற சாஸ்திரத்துக்குப் பேரு "அந்தக் காலம்".

கடல் தாண்டக் கூடாதுன்னு பௌதாயனர் எழுதி வெச்சிருக்காரு. தாண்டினா சாதி போச்சு. இதை நம்பி ஒரு மனுசனை எப்படிப் பண்ணாங்க தெரியுமா? கணக்குப்புலி ராமானுஜன். சின்ன வயசுல கொஞ்ச நாள் நம்ம காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. 1914-ல கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினாரு. உடம்பு நொந்து திரும்பி வந்து 1920-ல கண்ணை மூடினப்ப அவருக்கு வயசு 32. கடல் தாண்டினவர்னு சொல்லி உறவுக்காரங்க பல பேரு சாவுக்கே வரலே. ஒலகமே கும்பிட்ட மூளைடா அது. (இந்த இடத்துல எனக்கு நையாண்டி வர மாட்டேங்குது, விடு.)

இப்போ? அத்தைக்காரி புள்ளை நியூ ஜெர்சியில. விசா கிடைக்கணும்னு அவ வரதராஜருக்கு அர்ச்சனை பண்ணா. கிடைச்சதும் மொட்டை போட்டுகினா. உன் கல்யாணத்துக்கு மந்திரம் சொல்ல அவ பேசி வெச்சிருக்கிற வாத்தியாரு போன வருஷம்தான் அமெரிக்காவுல ஒரு கும்பாபிஷேகம் முடிச்சுட்டு வந்தாரு. பௌதாயனரை யாரு கிழிச்சா? யாருமே கிழிக்கலே. பூப்போட்ட பட்டுத் துணியில சுத்தி மேல் பரண்ல வெச்சுட்டாங்க, அவ்வளவுதான். டாலர் பேசுற இடத்துல ரிஷி பேச மாட்டாரு.

ஆனா கோயில் கருவறைக்குள்ள யாரு போகலாம்னு கேளு, அதே ரிஷிங்க மொத்தமா எழுந்து உட்கார்ந்துடுவாங்க. 1970-ல கலைஞர் பரம்பரை அர்ச்சகர் முறை வேணாம்னு சட்டம் கொண்டாந்தாரு. 1972-ல சுப்ரீம் கோர்ட்டு, பரம்பரை போனது சரிதான், ஆனா ஆகமத்தை மீறாதேன்னுச்சு. 2006-ல மறுபடி சட்டம், மறுபடி வழக்கு, 2015-ல மறுபடி ஆகமம். கடைசியா 2021 ஆகஸ்ட் 14-ல பயிற்சி முடிச்ச 24 பேரு கையில அரசு ஆணையைக் கொடுத்தாங்க. ஆணை வந்த அப்பாலயும் வழக்கு ஓயலே. இதுல ஒரு வேடிக்கை பார்த்தியா? ஆகமம் என்ன சொல்லுதுன்னு கடைசியில தீர்த்து வைக்கிறது ஆகமம் படிச்சவரு இல்லே, டில்லியில கறுப்பு அங்கி போட்டவரு.

நம்ம ஊர்ல நடந்த கதையை யாரும் அந்தக் கோர்ட்டுல சொல்லலையோ என்னமோ. திருக்கச்சி நம்பின்னு ஒருத்தரு. பூவிருந்தவல்லிக்காரரு, பிராமணர் இல்லே. வரதருக்கு விசிறி வீசுறதுதான் அவர் கைங்கரியம். எங்க ஆயா சொல்லும், விசிறின காத்துக்கு சாமி கூலி கொடுக்கலே, பேச்சுத் துணை கொடுத்துச்சுன்னு. ராமானுஜர், அதான் கணக்கு ராமானுஜன் இல்லே, உடையவரு, அவருக்கு சாஸ்திரத்துல ஆறு சந்தேகம். எல்லாம் கரைச்சுக் குடிச்ச ஆள்தான். இருந்தும் யாரைக் கேட்டாரு? விசிறிக்காரரைக் கேட்டாரு. நம்பி போய்ப் பெருமாளைக் கேட்டு ஆறு வார்த்தை பதில் வாங்கியாந்து கொடுத்தாருன்னு குருபரம்பரைக் கதை. அதோட விட்டாரா? நம்பி சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிடணும்னு வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டாரு. அவர் இல்லாத நேரம் பார்த்து வீட்டம்மா நம்பிக்குச் சோத்தைப் போட்டு அனுப்பிட்டு, வீட்டைக் கழுவித் தலைக்கும் குளிச்சுட்டாங்க. உடையவரு பொங்கிட்டாரு. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு சாஸ்திரம் பார்த்தியா? உன் கல்யாணத்துல மட்டும் புதுசா வந்ததுன்னு நினைச்சுக்காதே. இன்னிக்கு அதே நம்பி அர்ச்சகர் வேலைக்கு மனு போட்டா, "சாமி உன்கிட்ட பேசுதா, அதெல்லாம் சரி, சர்ட்டிபிகேட் எங்கே?"ம்பாங்க.

அத்தையை நல்லா வாங்குறேன்னு குளுந்து போயிட்டியா? இரு, உன் பக்கம் வரேன்.

நீ எடுத்ததுக்கெல்லாம் அண்ணாங்கிறே. அண்ணா யாரு? 1909-ல இதே காஞ்சிபுரத்துல நெசவாளர் குடும்பத்துல பொறந்தவரு. நம்மூர் முனிசிபாலிட்டியில கொஞ்ச நாள் குமாஸ்தாவா குப்பை கொட்டினவரு. அவரு ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னே ஐயர் இல்லாம கல்யாணம் பண்ணிகினவங்க நிலைமை என்ன தெரியுமா? சுயமரியாதைக் கல்யாணம் செல்லாதுன்னு 1950-கள்லயே ஹைகோர்ட்டு சொல்லிட்டுது. பொண்டாட்டி பொண்டாட்டி இல்லே, புள்ளைக்குச் சொத்து இல்லே. 1967-ல முதலமைச்சரானதும் அண்ணா அதுக்குச் சட்டம் கொண்டாந்தாரு. அதுக்கு முன்னே நடந்த கல்யாணங்களும் சேர்த்துச் செல்லும்னாரு. எத்தனையோ கிழவன் கிழவிங்க பேரப்புள்ளை எடுத்த அப்பால புருசன் பொண்டாட்டி ஆனாங்க. சாஸ்திரத்தை அவரு கொளுத்தலே பாரு; அது பக்கத்துல இன்னொரு கதவு வெச்சாரு. வேணும்னா இப்படிப் போ, வேணாம்னா அப்படிப் போ.

அந்தச் சட்டத்தை நீ படிச்சியா? சாட்சிங்க முன்னாடி இவளைக் கட்டிக்கிறேன்னு வாயால சொல்லி மாலை மாத்தினாப் போதும். மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். அதுல பட்டுப்புடவைன்னு ஒரு வார்த்தை கிடையாது, நான் விசாரிச்சுட்டேன். அப்பால ஏன்டா கோர்வைப் புடவைக்கு என் வாசல்ல நிக்கிறே? எனக்குப் பொழப்பு, நான் கேட்கக் கூடாது. கேட்டுட்டேன். இன்னொண்ணும் கேட்டுடறேன். மந்திரம் வேணாம், ஐயர் வேணாம், நல்ல நேரம் வேணாம். சரி. பொண்ணு எந்தச் சாதி? நம்ம சாதிதானே? தேடிப் பார்த்ததுல தற்செயலா அமைஞ்சதா? புஸ்தகத்துல எல்லாப் பக்கத்தையும் கிழிச்சுட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுகினியேடா என் ராசா! தலையைச் சொறியாதே, பேன் இருந்தா தறியில விழும்.

உங்க ரெண்டு பேரையும் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தரு எழுதி வெச்சுட்டாரு. அதுவும் இந்த ஊரை வெச்சே. மகேந்திரவர்ம பல்லவன். கல்லைக் குடைஞ்சு கோயில் கட்டின ராசா ஓய்வா இருக்கிறப்ப 'மத்தவிலாசம்'னு ஒரு சிரிப்பு நாடகம் எழுதினாரு. கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு ரிடையர்டு வாத்தியாரு இருந்தாரு, அவரு எனக்குக் கதை சொன்னாரு. காஞ்சிபுரத்துத் தெருவுல ஒரு காபாலிகன், குடிகாரன், பிச்சை வாங்குற மண்டையோட்டைத் தொலைச்சுட்டான். வழியில வந்த புத்த பிக்குதான் திருடினான்னு சண்டை. கடைசியில பார்த்தா நாய் தூக்கிட்டுப் போயிருக்குது. அது கெடக்கட்டும். அந்த பிக்கு ஒரு பணக்காரன் வீட்டுல மீனும் கறியுமா வயிறு முட்டத் தின்னுட்டு வரும்போது ஒரு யோசனை பண்றான் பாரு, அதான் விசயம். புத்தர் நல்லவரு, நமக்கு நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை எல்லாம் அனுமதிச்சிருக்காரே, கள்ளையும் பொம்பளையையும் மட்டும் வேணாம்னா சொல்லியிருப்பாரு? இருக்கவே இருக்காது. வயசான பிக்குங்கதான் இளவட்டத்து மேல பொறாமைப்பட்டு அந்தப் பக்கங்களை மறைச்சுட்டாங்க. திருத்தாத மூலப் புஸ்தகம் எங்கேயாவது கிடைக்காமலா போவும்னு தேடுறான்!

சிரிக்காதே. தனக்குச் சாதகமான மூலம் எங்கேயோ இருக்குதுன்னு அவன் அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல் இன்னும் முடியலே. உன் அத்தை தேடுறது ஒரு பரண், நீ தேடுறது வேற பரண். ஒரே சாமி, ஒரே வேதம், ஒரே ராமானுஜர்னு கும்பிடுறவங்க, வரதராஜர் கோயில் யானை நெத்தியில வடகலை நாமம் போடறதா தென்கலை நாமம் போடறதான்னு அடிச்சுகினு கோர்ட்டு வரைக்கும் போன ஊர்டா இது. யானை நாமமா கேட்டுச்சு? அது கரும்பு கேட்டுச்சு.

சரி, யோசனை கேட்டு வந்தே, சும்மா அனுப்பக் கூடாது. அத்தைகிட்ட சண்டை போடாதே. சாஸ்திரப்படியே செஞ்சுடலாம்னு சொல்லு. அவ மயக்கம் போட்டு விழுவா, தண்ணி தெளிச்சு எழுப்பு. எழுந்ததும் மெதுவா ஆரம்பி: "அத்தே, மனுவையே எடுத்துக்குவோம். விருந்தாளி, உறவுக்காரன், வீட்டு வேலைக்காரன் எல்லாரும் சாப்பிட்ட அப்பாலதான் வீட்டுக்காரனும் வீட்டுக்காரியும் மிச்சத்தைச் சாப்பிடணும்னு அவர் எழுதியிருக்காரு. அதனால நம்ம மண்டபத்துல முதல் பந்தி, சமையல் கட்டுல பாத்திரம் கழுவுறவங்களுக்கு, எச்சில் இலை எடுக்கிற அம்மாவுக்கு, மேளக்காரங்களுக்கு. தலைவாழை இலை, ரெண்டு பாயசம். நீங்களும் மாமாவும் கடைசிப் பந்தி. அதுல வடை தீர்ந்து போயிருந்தா சாஸ்திரம்னு நினைச்சுக்குங்க." சொல்லிட்டு அவ மூஞ்சியைப் பாரு. அதே மனு பொம்பளைக்குத் தனியா நிக்கிற யோக்கியதை இல்லேன்னும் எழுதியிருக்காரு. அந்தப் பக்கம் ஊருக்கே மனப்பாடம், புரட்டிப் புரட்டி ஓரம் கறுத்துப் போச்சு. இந்தச் சாப்பாட்டுப் பக்கம் பிரிக்காத புதுநோட்டு மாதிரி ஒட்டிகினு கிடக்குது.

அத்தை அதுக்கு ஒத்துகினா, நீ பேசாம ஐயர் சொல்ற மந்திரத்துக்குத் தலையாட்டு. அந்த மாதிரி ஒரு பொம்பளை சாஸ்திரம் பேசினா நானும் கேட்பேன். ஒத்துக்கலேன்னா மாலையை மாத்து, அண்ணா கதவு திறந்துதான் இருக்குது. எப்படியும் முதல் பந்தியை மட்டும் நான் சொன்னபடி போடு. அதுக்கு எந்தப் புஸ்தகமும் வேணாம்.

புடவை எப்போ கிடைக்கும்னா? கோர்வைன்னா சும்மாவா, உடலு ஒரு கலர், கரை ஒரு கலர். மூணு நாடா ஓடணும், பக்கத்துல ஒரு ஆளு இருந்து கோத்துக் கொடுக்கணும். இருபது நாள் வெச்சுக்கோ. நடுவுல அமாவாசை வருது, இருபத்தொண்ணு. அன்னிக்குத் தறி ஓடாது.

இன்னா சிரிக்கிறே? எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்குதுன்னு கேட்கப் போறே, தெரியும். எங்கப்பன் நிறுத்தினான், அவன் அப்பன் நிறுத்தினான், நான் நிறுத்துறேன். ஒரு நாள் கூலி போவுது, போவட்டும். மிச்சத்தை என் இடுப்பைக் கேளு, அது சொல்லும்.

சரி, முந்தியில மயிலா, யானையா? யானைன்னா நாமம் போட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.