குப்பையைக் கைவிடாத நகரம்

சிங்கப்பூரே, உன்னைப் புகழ எனக்கு உவமை வேண்டாம். நீ செய்தவற்றைச் சொன்னாலே போதும்.

விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள். வேலையில்லாதவர்கள் ஒரு பக்கம், வீடில்லாதவர்கள் ஒரு பக்கம். அந்த நிலையிலும் 1968 அக்டோபர் 1ஆம் தேதி லீ குவான் இயூ உன் தெருக்களுக்காகத் தூய்மை இயக்கத்தைத் தொடங்கினார். குப்பை போட்டவருக்கு முதல் முறையே அபராதம் விதிக்கச் சட்டம் செய்தாய். அது போதாதென்று 1992இல், பொது இடத்தைக் கூட்டிப் பெருக்குவதையே தண்டனையாக்கினாய். ஊர் பார்க்கத் துடைப்பம் பிடிப்பதற்கு மனிதர் கூசுவார் என்று அறிந்திருந்தாய். அதே துடைப்பத்தை வருடக்கணக்கில் பிடிக்கக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறவர்களையும் கண்டுபிடித்தாய்.

ஞாயிறு இரவு தேக்காவில் கூடும் கூட்டத்தை நான் அறிவேன். பஃப்ளோ சாலையிலிருந்து ரேஸ்கோர்ஸ் சாலை வரை சாப்பாட்டுப் பொட்டலங்களும் பிளாஸ்டிக் பைகளும் நிறைந்துவிடும். திங்கள் காலை அலுவலகம் போகிறவர் நடக்கும்போது, நேற்று அங்கே ஒரு கூட்டம் இருந்தது என்று தெரியாது. யார் எப்போது வந்து அள்ளினார் என்றும் தெரியாது. உன் வேலை அவ்வளவு நேர்த்தி.

குப்பையைப் பின்தொடர்வதில் உனக்கு இணை யார்? வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் கட்டிப் போட்ட பை, குழாய் வழியே இறங்குகிறது, லாரி ஏறுகிறது, துவாஸிலோ செனோக்கோவிலோ எரிகிறது. எரிந்த சாம்பலும் அநாதையாவதில்லை. படகேறி, 1999 முதல் இயங்கும் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அந்தத் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று இப்போதே கவலைப்படுகிறாய். 2023இல் மட்டும் 6.86 மில்லியன் டன் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 52 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போனது என்றும் கணக்கு வைத்திருக்கிறாய்.

அள்ளுகிற மனிதருக்கும் கணக்கு வைத்திருக்கிறாய். வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் பெர்மிட் எண் உண்டு. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்டுகிறார். மாதந்தோறும் அவர் தலைக்கு லெவி என்ற வரியும் கட்டுகிறார். ஊழியரின் சம்பளத்திலிருந்து லெவியைப் பிடிக்கக் கூடாது என்றும் விதித்திருக்கிறாய். அவர் பாஸ்போர்ட்டை வேறொருவர் வைத்துக்கொள்வதும் உன்னிடம் குற்றம். விமானம் ஏறுவதற்கு முன் அவர் பட்ட கடன் ஒன்றைத்தான் எந்தக் கணக்கிலும் ஏற்றாமல் விட்டாய்.

உன் எல்லைக்குள் இருக்கும் முகவர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே வாங்கலாம். நல்ல சட்டம். ஆனால் ஊரில் இருக்கும் ஏஜெண்டுக்கு அது தெரியாது; தெரிந்தாலும் அது அவரைக் கட்டாது. தமிழ்நாட்டிலும் பங்ளாதேஷிலும் நிலத்தை அடகு வைத்து, மனைவியின் தாலிச் செயினை விற்று, வட்டிக்கு வாங்கி அவருக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கடன் தீரும்வரை அந்த மனிதர் எதற்கும் வாய் திறக்க மாட்டார். பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அந்த முதலாளி கோபப்பட்டால் ஊர் திரும்ப வேண்டும், கடன் அங்கேயே காத்திருக்கும். ‘பெர்மிட் ரினியூ பண்ணணும்னா காசு வெட்டு’ என்று சூப்பர்வைசர் கேட்டால் கொடுத்துவிடுவார். அப்படிக் கேட்பவருக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டுச் சிறையும் வைத்திருக்கிறாய். புகார் கொடுக்க வேண்டியவரோ, கடனுக்குப் பயந்தவர்.

கடனால் கட்டிப்போடுவதைக் கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாக அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. அந்த அமைப்பின் 1930ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்பு உடன்படிக்கையை, நீ பிறந்த வருடமான 1965இலேயே ஏற்றாய். கட்டாய உழைப்பை ஒழிக்கும் அடுத்த உடன்படிக்கையையும் அதே ஆண்டில் ஏற்று, 1979இல் விலகிக்கொண்டாய். ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் 2015 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பத்தாண்டுச் சிறை, ஒரு லட்சம் வெள்ளி அபராதம், பிரம்படி. உழைப்புச் சுரண்டலுக்காக அந்தச் சட்டத்தின்கீழ் முதல் குற்றத்தீர்ப்பு வர 2019 ஆயிற்று. அது கேளிக்கை விடுதிகளில் ஆடிய பங்ளாதேஷ் பெண்களின் வழக்கு.

நீ எப்போதும் இவ்வளவு நிதானம் என்று யாரும் சொல்ல முடியாது. 1967 பிப்ரவரி 1ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் கே. சுப்பையாவின் தலைமையில் 2,400 துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுப்பையாவையும் மற்ற தலைவர்களையும் கைதுசெய்தாய். வேலைக்கு வராதவர் தம்மைத் தாமே நீக்கிக்கொண்டார், வேண்டுமானால் மறுநாள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றாய். பத்தில் ஒன்பது பேர் விண்ணப்பித்தார்கள். இரண்டே மாதத்தில் சங்கத்தின் பதிவும் போயிற்று. துப்புரவுத் தொழிலாளியின் விஷயம் என்றால் உன்னால் எவ்வளவு விரைவாக முடிவெடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நியாயமான சம்பளம் உனக்குத் தெரியாததும் அல்ல. படிப்படியாக உயரும் சம்பள முறையை 2023 ஜூலை 1 முதல் கழிவு நிர்வாகத் துறைக்கும் நீட்டித்தாய். சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் பயன்பெறுகிறார்கள். அதே லாரியின் பின்படியில் தொற்றிக்கொண்டு போகும் பெர்மிட்காரருக்கு அந்தப் படிக்கட்டில் இடமில்லை. குப்பையின் எடை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

இது உன் ஊரின் குறை மட்டும் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் 2019இல் தண்டனை பெற்ற ஒரு கும்பல், நானூறு பேர் வரையிலான போலந்து நாட்டவரைச் சுரண்டியது. அவர்களில் சிலர் குப்பை பிரிக்கும் நிலையங்களில் வேலை செய்தவர்கள். முகம் தெரியாத வேலையில் ஆளைக் கட்டிவைப்பது எங்கும் எளிது. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம், அதற்குள் இன்னொரு ஒப்பந்தம் என்று போனால் கடைசியில் இருப்பவரின் பெயரை யாரும் கேட்பதில்லை.

நகர மன்றத்தின் டெண்டரில் ஒரு வரி சேர்க்கலாம்: வேலைக்கு வருகிறவர் கட்டிய காசு எவ்வளவோ, அதை முதலாளி திருப்பித் தர வேண்டும். புகார் கொடுத்தவரின் பெர்மிட் பறிபோகாது, வேறு முதலாளியிடம் போகலாம் என்று மனிதவள அமைச்சு உறுதி சொல்லலாம். கஃப் சாலைத் திட்டத்தின் பெயரில் 2008 முதல் வேலையிழந்தவர்களுக்கு இலவசச் சோறு போடும் தொண்டர்களிடம் கேட்டால், யார் எவ்வளவு கொடுத்து வந்தார் என்ற கதைகள் கிடைக்கும். கடனைப் பின்தொடரத் தொடங்க அது போதும்.

இதெல்லாம் சிக்கலான காரியம், எல்லை தாண்டிய விவகாரம், நம்மால் ஆகாது என்று சிலர் உன் சார்பில் சொல்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. கடலிலேயே குப்பைக்கு இடம் கண்ட ஊரை அவ்வளவு குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. உன்னால் முடியும். இதுவரை நீ செய்யாமல் இருப்பதற்கு, முடியாமை காரணமாக இருக்கவே முடியாது.