வயர் மாத்தயா

வயர் மாத்தயா வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. முன்னறையில் காலை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் கட்டைவிரல் தடிப்பில் இரண்டு நீல வயர்கள் போகின்றன. அவை தரையில் படாமலிருக்க முழத்துக்கு ஒரு மரக்கட்டை. சீமெந்துத் தரையின் அதிர்வு வயருக்குள் ஏறிப் பாட்டைக் கலக்கிவிடுமாம். கட்டைகளுக்கு அடியில் எறும்புகள் குடும்பம் நடத்துகின்றன. அவற்றை அவர் விரட்டுவதில்லை. விரட்டப் போனால் கட்டை நகர்ந்துவிடும்.

இந்த ரகத்து மனிதரைக் கொழும்பிலும் பார்க்கலாம், டொரொன்டோவிலும் பார்க்கலாம். நம்மவர் மாத்தளையில் பிறந்து, அரசாங்க உத்தியோகத்தில் பல்லேகமவுக்கு மாற்றலாகி, குவாட்டர்ஸில் குடியேறியவர். மாற்றல் கிடைத்தால் போகிற இடத்தில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எப்படி என்று மற்றவர்கள் விசாரிப்பார்கள். இவர் விசாரித்தது, ட்ரான்ஸ்ஃபோமர் வீட்டிலிருந்து எத்தனையாவது கம்பத்தில் இருக்கிறது என்று. வந்த சில மாதங்களிலேயே ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

வயர் வாங்குவதற்கு அவர் பக்கத்து ஊர்களில் நிற்பதில்லை. கொழும்புக்கு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கே போவார். கடை கடையாக ஏறி, வயரின் நுனியைப் பிரித்து இழை எண்ணுவார், மேலுறையை நகத்தால் அழுத்துவார், முகர்ந்தும் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “தம்பி, இது ஒக்சிஜன் ஃப்ரீயா?”

கடைப் பையன் ஒருவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்ன பதில்: “ஃப்ரீ ஒண்டும் இல்ல மாமா, மீற்றர் கணக்கு.”

பையனைக் குறை சொல்ல முடியாது. சாதாரண மின்வயரில் இருக்கும் செம்பே 99.9 சதவீதம் சுத்தமானது. ஒக்சிஜனை நீக்கிய செம்பு அதைவிட ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் கூடுதலாக மின்சாரம் கடத்தும். செம்பை விட்டு வெள்ளிக்கே போனாலும் ஆறு சதவீத அளவுதான் மிச்சம். அந்த மிச்சத்தைச் செம்பு வயரைக் கொஞ்சம் தடிப்பாக வாங்கியே எடுத்துவிடலாம். ஆனால் தடிப்பு என்பது எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்கிற சாமான். அதில் என்ன பெருமை இருக்கிறது?

வாங்கிய சுருளை ஊருக்குக் கொண்டுவருவது தனிக் கதை. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் ஏறி, பிட்டவல பத்தன, இலுக்கும்புர என்று இறங்குகிற பாதை. நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். பஸ்ஸின் இரண்டு பக்கமும் போன்கள் ஜன்னலுக்கு வெளியே நீளும். வயர் மாத்தயாவின் கண்ணோ மடியிலேயே இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாயச் சாய, சுருளையும் அதே கோணத்தில் சாய்த்துப் பிடிப்பார். வயரைச் சட்டென்று மடக்கினால் செம்பின் மணியமைப்பு கலைந்துபோகும் என்பது அவர் கட்சி. கொண்டக்டர் மட்டும் அது குழந்தையா, சாமானா, டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

வீட்டில் வரவேற்பு சுமார்தான். வஸ்கமுவ காட்டுப் பக்கத்து ஊர்களில் யானை வராமலிருக்க மின்வேலி போடுவது வழக்கம். சுருளைப் பார்த்த மனைவி, “என்னாங்க, யானை வேலிக்கா வாங்கிட்டு வந்தீங்க?” என்றார். விலையைக் கேட்ட பிறகு, “யானையே வாங்கியிருக்கலாமே” என்றார்.

ஊரிலுள்ள வயரிங் பாஸ் ஒருநாள் மின்விசிறி மாட்ட வந்தார். நீல வயரைப் பார்த்துவிட்டு, விலையையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து மிச்சத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். “மாத்தயா, இது ஏழு சைபர் தசம் அறுபத்தேழு. இது பத்தாதா?”

7/0.67 என்றால் இலங்கையில் வீட்டு வயரிங் செய்கிற எவருக்கும் தெரியும். 0.67 மில்லிமீற்றர் கம்பிகள் ஏழு. மொத்தம் இரண்டரை சதுர மில்லிமீற்றர் செம்பு. பிளக் பொயின்டுகளுக்கு இழுப்பது. பாஸ் கேட்டது நியாயமான கேள்வி. முன்னறையில் அம்ப்ளிஃபயருக்கும் பெட்டிக்கும் இடையே 5 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். போக 5, வர 5, ஆக 10 மீற்றர் கம்பி. அதன் மொத்தத் தடை சுமார் 0.07 ஓம். எட்டு ஓம் பெட்டிக்கு முன்னால் அது விழுங்குகிற சத்தம் ஒரு டெசிபெல்லில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாட்டுக் கேட்கும்போது ஒரு டெசிபெல் ஏறி இறங்கினால்தான் சாதாரணக் காது கவனிக்கவே தொடங்கும்.

மாத்தயாவின் பக்கத்திலும் கால்வாசி நியாயம் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அரை சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரை 20 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால் தடை ஒன்றேகால் ஓமைத் தாண்டிவிடும். சத்தமும் குறையும், பாட்டின் குணமும் மாறும். ஸ்பீக்கரின் தடை சுரத்துக்குச் சுரம் வேறுபடுவதால் வயரில் இழக்கிற அளவும் சுரத்துக்குச் சுரம் வேறுபடும். இன்னொரு வில்லங்கம், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிற வயர். கத்தியால் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அதே தடிப்புள்ள செம்பைப்போல ஒன்றரை மடங்கு தடை. இதைத்தான் பார்த்து வாங்க வேண்டும். நம்மவர் முகர்ந்து பார்ப்பாரே தவிரச் சுரண்டிப் பார்க்க மாட்டார். அவ்வளவு விலை கொடுத்ததைச் சுரண்ட யாருக்கு மனம் வரும்?

இந்த விசுவாசம் பல்லேகமவில் முளைத்ததல்ல. ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே மேசை விளக்குக்குப் போடுகிற சாதாரண இரட்டை வயரைத்தான் ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் பொறியியலாளராக இருந்த நோயெல் லீ, 1979இல் ‘மொன்ஸ்டர் கேபிள்’ என்ற கொம்பனியைத் தொடங்கினார். தடித்த வயர், நல்ல உறை, அழகான பெட்டி, அதற்கேற்ற விலை. அதுவரை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சாமானைக் கண்ணாடி அலுமாரிக்குள் ஏற்றிய பெருமை அவரைச் சேரும்.

1983 ஓகஸ்டில் ‘ஸ்டீரியோ ரிவியூ’ சஞ்சிகையில் லோரன்ஸ் கிரீன்ஹில் ஒரு சோதனையை வெளியிட்டார். முப்பதடி நீளத்தில் மூன்று வயர்கள்: மிக மெல்லிய 24 கேஜ், விளக்கு வயரான 16 கேஜ், மொன்ஸ்டர். எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியாது. பிங்க் நொய்ஸ் என்ற சீறல் சத்தத்தைப் போட்டபோது மெல்லிய வயரைக் கண்டுபிடித்தார்கள். போய்வர அறுபதடிக்கு ஒன்றரை ஓம் தடை இருந்தால் காது பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் பாட்டைப் போட்டதும், விளக்கு வயர் எது, மொன்ஸ்டர் எது என்று நம்பிச் சொல்ல முடியவில்லை.

2007இல் கதை இன்னும் முற்றியது. ‘பெயர் அன்ஜூ’ என்ற வயர், பன்னிரண்டடி ஜோடி 7,250 டொலர். மந்திரவாதியாக இருந்து பிறகு போலிகளைப் பிடிக்கிற தொழிலுக்கு வந்த ஜேம்ஸ் ரண்டி, இதற்கும் சாதாரண நல்ல வயருக்கும் வித்தியாசத்தைக் காதால் கண்டு நிரூபிப்பவருக்குப் பத்து இலட்சம் டொலர் என்று அறிவித்தார். அப்போது ‘ஸ்டீரியோஃபைல்’ சஞ்சிகையில் எழுதிவந்த மைக்கேல் ஃப்ரெமர் நான் தயார் என்றார். வயர் செய்கிற கொம்பனி விலகிக்கொண்டது. சோதனை நடக்கவேயில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் வயர் மாத்தயா கோபப்படமாட்டார். பிளேன்டியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வார்: “அளக்கிறதுக்கு மெஷின் இருக்கு. ரசிக்கிறதுக்கு மெஷின் இருக்கா?” இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் வந்தவர் பிளேன்டியைக் குடிப்பார்.

ரசிக்கிற விதமும் சொல்லத்தக்கது. புது வயர் வந்தால் அதை இரண்டு மூன்று வாரம் ‘பழக்க’ வேண்டும் என்று, ஆளில்லாத வீட்டில் செட் பாடிக்கொண்டிருக்கும். பழகி முடிந்ததும் இளையராஜா பாட்டு ஒன்றில் பேஸ் கிட்டார் வருகிற இடத்தை மட்டும் போடுவார். நிறுத்துவார். பெட்டியை ஒரு விரல் அகலம் திருப்புவார். மறுபடி அதே இடம். அந்தப் பாட்டுக்கு இரண்டாவது சரணம் இருக்கிறது என்பதை அந்த வீட்டில் யாரும் நம்புவதில்லை.

போன வருடக் கடைசியில் வாங்கிய வயர்தான் உச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். “சத்தம் பெட்டிக்குள்ள இருந்து வரல்ல. சுவரைத் தாண்டி, அந்தப் பக்கத்து வளவுல இருந்து வருது!” பேஸ் கொஞ்சம் குறைந்திருந்தது, அது இத்தனை காலமும் கேட்ட போலி பேஸ் ஒழிந்ததற்கு அடையாளம் என்றார். மாத்தளையிலிருந்து லீவுக்கு வந்த மருமகன், உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறவன், பெட்டிகளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

“மாமா, ஒரு பெட்டிக்கு சிவப்பும் கறுப்பும் மாத்திக் குடுத்திருக்கீங்க.”

ஒரு பெட்டியின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அறை முழுக்கப் பரவும். வளவிலிருந்து பாட்டு வந்த இரகசியம் அவ்வளவுதான். பையன் வயரைச் சரியாக மாற்றிக் கொடுத்தான். பேஸ் தும்மென்று திரும்பி வந்தது. மாத்தயா கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கழித்து, “பார்த்தியா, இப்பதான் வயர் பழகியிருக்கு” என்றார்.

அவருக்குப் பிடிக்காத ஆள் உலகத்தில் ஒருவர் உண்டு. திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேருக்கு ஊருக்குப் போனால், மரத்துக்கு மரம் தொங்குகிற மெல்லிய வயரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். புனல் ஸ்பீக்கரின் சத்தத்தை யாரும் இனிமை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் வயர் சாத்திரம் தெரிந்தவர் மரத்தில் ஏறுகிற அந்த ஆள்தான். தூரத்துக்கு இழுக்கும்போது அவர் வைப்பது நூறு வோல்ட் லைன். ட்ரான்ஸ்ஃபோமரால் வோல்டேஜை ஏற்றினால் ஓடுகிற மின்னோட்டம் குறையும். வயரில் வீணாகிறதும் குறையும். நூற்றுக்கணக்கான யார் தூரத்துக்கு மெல்லிய வயரே தாங்கும். மலையும் காடும் தாண்டி மின்சாரம் கொண்டுவரப்படுவதும் இதே உபாயத்தில்தான்.

மின்சாரம் என்றதும் மாத்தயாவின் அடுத்த வைத்தியம் ஞாபகம் வருகிறது. பிளக்கிலிருந்து அம்ப்ளிஃபயருக்குப் போகிற இரண்டு மீற்றர் வயரும் உயர்ரகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கரண்ட் ‘சுத்தமாக’ வரும். வயரிங் பாஸ் இதற்கும் ஏணியிலிருந்தே பதில் சொன்னார்: வீட்டுக்கு வரும் வரைக்கும் லைன் முழுக்க அலுமினியம். மாத்தயா அதைக் காதில் வாங்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதுகூட, இருட்டில் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் பிளக் முனைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர். கரண்ட் வரும்போது வழி துப்புரவாக இருக்க வேண்டாமா?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் ஒரேயடியாக இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்ஃபோமரில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். நாடே சிரித்தது. வயர் மாத்தயா மட்டும் சிரிக்கவில்லை. கரண்ட் திரும்பியதும் செட்டைப் போட்டு, பேஸ் கிட்டார் இடத்தைக் கேட்டு, மேல் சுரத்தில் ஒரு கரகரப்பு சேர்ந்திருப்பதாகச் சொன்னார்.

அண்மையில் மருமகன் மறுபடி வந்திருந்தான். மல்டிமீற்றரை எடுத்துப் பெட்டியின் இரண்டு முனைகளிலும் வைத்துக் காட்டினான்: ஆறு ஓமுக்குக் கிட்ட. எட்டு ஓம் என்று எழுதியிருக்கிற பெட்டியில் முள் இப்படித்தான் காட்டும். “இவ்வளவும் ஸ்பீக்கருக்கு உள்ள சுத்தியிருக்கிற கொயில் கம்பி மாமா. ரொம்ப மெல்லிசு, பல மீற்றர் நீளம். உங்க நீல வயருல பத்தில ஒரு ஓம்கூட இல்ல. எல்லாப் பாட்டும் கடைசியா அந்த மெல்லிசுக் கம்பிக்குள்ளாலதான் போகோணும்.”

மாத்தயா மல்டிமீற்றரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் வாடும் என்று மனைவி கதவுக்குப் பின்னால் காத்திருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்ப, வெள்ளிக் கம்பியில கொயில் சுத்துறவன் யாராவது புறக்கோட்டையில இருப்பானா?”