நாற்காலியிலிருந்து லால்பாக்: திரைப்பசி குறித்து ஓர் ஆராய்ச்சி

மனிதன் பூங்காவுக்கு ஏன் போகிறான்? காற்று வாங்க என்பார் சிலர். டாக்டர் சொன்னார் என்பார் சிலர். இரண்டும் சாக்கு. பூங்கா என்பது சிற்றுண்டிச்சாலையின் முன்கூடம். பசியை உண்டாக்குவதற்கென்றே மரம் நட்டு, பாதை போட்டு, வேலி கட்டி வைத்த இடம். இதுவே இக்கட்டுரையின் துணிபு. மறுப்போர் முதலில் பெங்களூரு லால்பாகைச் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். பிரதான வாசல் பக்கம் எம்.டி.ஆர். என்னும் மாவள்ளி டிபன் ரூம்ஸ். மேற்கே பசவனகுடிப் பக்கம் போனால் காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன். இன்னொரு புறம் வி.வி.புரத்தில் தின்பண்டங்களுக்கென்றே ஒரு தெரு. கன்னடத்தில் அதன் பெயரே திண்டி பீதி, தின்பண்டத் தெரு. 240 ஏக்கர் நடந்து களைத்தவன் எந்த வாசலால் வெளியேறினாலும் தப்ப முடியாது. இந்த முற்றுகை தற்செயலாக அமைந்தது என்று நம்ப ஆய்வறிவு இடம் தரவில்லை.

இதுவரை சிக்கல் இல்லை. நடந்தவனுக்குப் பசித்தது, பசித்தவன் தின்றான். இதை நடைப்பசி என்போம். சிக்கல், நாற்காலியில் சாய்ந்தபடியே ஊர் சுற்றும் வித்தை வந்த பிறகுதான். 2022-இல் கூகுளின் வீதிக்காட்சி இந்தியாவின் பத்து நகரங்களில் வெளியானபோது பெங்களூருவும் அதில் இருந்தது. தெருவரைக்கும் அது, வாசலுக்கு உள்ளே யாராவது நடந்தபடி எடுத்த காணொளி. வீதிக்காட்சியில் மனிதர்களின் முகத்தையும் வண்டி எண்ணையும் மங்கலாக்கிவிடுகிறார்கள், அந்தரங்கம் கருதி. தோசையின் முகத்தை யாரும் மறைப்பதில்லை. திரைப்பசி என்னும் புதுப் பிணி இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது.

ஆய்வுக்களம் சாய்வு நாற்காலி. கருவிகள் கைபேசி, சார்ஜர், முதுகுக்கு ஒரு தலையணை.

பயணத்தைப் பாறையிலிருந்து தொடங்குவது மரபு. லால்பாகின் அந்தப் பாறைக்கு வயது முந்நூறு கோடி ஆண்டுக்கு மேல். தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். உச்சியில் கெம்பெகவுடா பெயரால் வழங்கும் சிறு கோபுரம். காணொளிக்காரர் மூச்சு வாங்க ஏறுகிறார். நமக்கு வாங்கவில்லை. ஆனால் அவர் மேலே போய் நின்று தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கும்போது நமக்கு நாக்கு வறள்கிறது. இது கவனிக்கத்தக்கது. உழைப்பு அவருடையது, தாகம் நம்முடையது. உழைப்புக்கும் பசிக்கும் தொடர்புண்டு என்று காலங்காலமாக நம்பிவந்தது இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

ஹைதர் அலி 1760-இல் தொடங்கி, மகன் திப்பு வளர்த்து, பின்னர் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1856-இல் அரசுத் தாவரவியல் பூங்காவான வரலாற்றைக் காணொளிகள் வேகமாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடி மாளிகைக்கு ஓடுகின்றன. லண்டனில் இருந்த படிக மாளிகையை முன்மாதிரியாகக் கொண்ட அந்த இரும்புக் கூண்டுக்கு 1889-இல் அடிக்கல் நாட்டினார்கள். குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் நடக்கும் மலர்க்காட்சி அங்கேதான். கூட்டத்தில் நேரில் போனவருக்கு முன்னால் நிற்பவரின் தலை தெரியும். திரையில் பார்ப்பவருக்குப் பூ தெரியும். திரைப்பயணத்தின் பக்கம் சொல்லக்கூடிய ஒரே நியாயம் இது. நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

காணொளி எந்த மாதத்தில் எடுத்தது என்பதை மரம் சொல்லிவிடும். இளஞ்சிவப்பில் தபேபூயா பூத்திருந்தால் ஆண்டின் தொடக்கம். ஊதா ஜகரந்தா என்றால் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. குல்மோகர் என்றால் கோடை. ஒரு மரம் ஓய்ந்தால் அடுத்தது பூக்கும்படி நகரத்தில் மரங்களைத் தேர்ந்து நட்டதற்கு, லால்பாகில் பொறுப்பு வகித்த ஜெர்மானியர் க்ரும்பீகலைப் பாராட்டுவார்கள். ஆனால் மாதம் தெரிந்து என்ன பயன்? ஒன்று உண்டு. குளிர்காலம் என்று தெரிந்தால் அது அவரைக்காய்ப் பருவம். பெங்களூருவில் அவரைக்காய் மேளா நடக்கும். ஊறவைத்துத் தோல் பிதுக்கிய அந்தப் பருப்பை, நம் கிருஷ்ணகிரிக்காரர்கள் பிதுக்குப் பருப்பு என்பதை, தோசையில் போடுவார்கள், உப்புமாவில் போடுவார்கள். விட்டால் ஜிலேபியிலும் போடுவார்கள், போட்டும் இருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் நாற்காலியில் இருப்பவரின் நிலை கவலைக்கிடம்.

இனி மருந்து. பெங்களூருப் பண்டத்தைப் பெங்களூரு போகாமல் தின்ன வழியுண்டா என்ற கேள்விக்கு முன்னோர் ஏற்கெனவே விடை தேடியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையை வைத்து முயன்று ரவா இட்லி கண்டதாக எம்.டி.ஆர். உரிமை கொண்டாடுகிறது. 1924-இல் தோன்றிய அந்நிறுவனம், நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு பண்டங்களுக்கு விலை வரம்பு விதித்ததும், கட்டுப்படியாகாமல் உணவகத்தை மூடியது. மறுபடியும் நெருக்கடியே வழி காட்டியது: பிழைப்புக்கு ஆயத்த மாவைப் பொட்டலம் போட்டு விற்றது. பிற்பாடு உணவகத்தைத் திறந்தாலும் பொட்டலம் நிலைத்துவிட்டது. ஆக, கடைக்குப் போகாமலே கடைப்பண்டம் தின்னும் ஏற்பாட்டைக் கண்டது கணினி அல்ல, விலைக்கட்டுப்பாடு.

ஆனால் பொட்டலம் முழு மருந்தல்ல. பெயர் கொடுத்துவிட்டு, உள்ளே தின்பவர்களைப் பகையோடு பார்த்தபடி காத்திருப்பதில்தான் எம்.டி.ஆரின் ருசியில் பாதி இருக்கிறது. பொட்டலத்தில் அது வராது. வித்யார்த்தி பவன் நிலை இன்னும் மோசம். 1943 முதல் நடக்கும் அக்கடையில் பரிமாறுபவர் முன்கையில் தோசைத் தட்டுகளைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு வருவார். கண்ணாடி மாளிகைக்காவது இரும்புத் தூண் உண்டு; இந்தக் கோபுரத்துக்கு முழங்கை மட்டுமே. அதைத் திரையில் பார்த்துவிட்டு வீட்டு அடுக்களையை எட்டிப் பார்ப்பவர் அங்கிருந்து கேட்கும் பதிலுக்கு இவ்வாய்வு பொறுப்பேற்காது. வெள்ளிக்கிழமை அக்கடை விடுமுறை என்பது ஓர் ஆறுதல். அன்று நேரில் போயிருந்தாலும் கிடைத்திராது. எனவே திரைப்பயணத்துக்கு ஏற்ற நாள் வெள்ளி.

தீர்வு பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. க்ரும்பீகலுக்கு முன் லால்பாகைக் கவனித்துவந்த ஜான் கேமரன், மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சௌசௌவைப் பெங்களூரு மண்ணில் அறிமுகப்படுத்தியவர் என்பார்கள். நாம் பெங்களூர்க் கத்திரிக்காய் என்று வாங்கிக் கூட்டு வைப்பது அதைத்தான். மலர்க்காட்சியும் பாறையும் கண்ணாடி மாளிகையும் அங்கேயே இருக்கட்டும். லால்பாகிலிருந்து புறப்பட்டு நம் தெருக்கோடிக் காய்கறிக்கடைவரை தானாக வந்து சேர்ந்திருப்பது இந்த ஒரு காய்தான். (பெங்களூரு ஓட்டல்களில் சௌ சௌ பாத் என்று கேட்டால் உப்புமாவும் கேசரியும் ஒரே தட்டில் வரும். அதில் இக்காய் கிடையாது. ஏமாற வேண்டாம்.) அதற்கென்று தனி ருசி இல்லை என்று குறை சொல்வோர் உண்டு. திரைப்பயணத்துக்கு அதுவே தகுதி: எந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு தின்றாலும் அந்தக் காட்சியின் ருசிக்கு அது இடம் கொடுக்கும்.

ஆகவே லால்பாக் காணொளியைத் திறக்குமுன் பிஞ்சாகப் பார்த்து இரண்டு சௌசௌ வாங்கி, பாசிப்பருப்போடு அடுப்பில் ஏற்றிவிடுங்கள். காணொளிக்காரர் பாறை ஏறி இறங்குவதற்குள் வெந்துவிடும். சீவும்போது கை பிசுபிசுக்கும், தண்ணீரில் அமிழ்த்திச் சீவவும். தோலை எறிய வேண்டாம், துவையலுக்கு ஆகும்.