புலிக்கு 37, யானைக்கு 76

வா கண்ணு, உக்காரு. லேப்டாப்பை மூட வேண்டாம், நான் அப்போ புடிச்சுப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். கோயம்புத்தூர்ல ஒருத்தன், பெங்களூர்ல ரெண்டு பேரு, டொராண்டோவில மத்தியானச் சோத்துத் தட்டோட ஒரு பொண்ணு, மசினகுடியில ராத்திரி பத்து மணிக்கு நீ. அஞ்சு பேரும் சேர்ந்து இல்லாத காட்டுக்குள்ள இல்லாத பூதத்தைத் தேடுறீங்க. வாசல்ல இருக்கிற காடு பத்தலையாக்கும்!

குத்தம் சொல்லலை. ஒம்பது மணிக்கு மேல பந்திப்பூர் ரோட்டை அடைச்சிடறாங்க, 2009லிருந்து இதான் கதை. அந்தப்பக்கம் கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு. கூட்டாளிங்க வந்து ஆடிட்டுப் போறதுன்னா ஆடி அமாவாசைக்கு ஒருக்காத்தான் நடக்கும். நெட்டுல கூடறது புத்திசாலித்தனம்தான். ஆனா கூடி என்ன பண்றீங்கங்கறதுதான் என்ற கேள்வி.

1974ல அமெரிக்காவில கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேரு இந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை’ வெளியிட்டப்ப அவங்க கையில இருந்தது காகிதம், பென்சில், பகடை. ஒருத்தன் கதை சொல்லணும், மத்தவங்க கதைக்குள்ள ஆளா நடக்கணும். இதை நீதான் எனக்குச் சொன்னே. இப்போ உன்னைப் பார்த்தா கதை சொல்றவனாட்டம் தெரியலை, சர்வேயர் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தவனாட்டம் இருக்கு. போன வாரம் பூரா ஸ்கிரீன்ல கதைக்குன்னு ஒரு கோட்டைப் படம் போட்டுச் சுவர் இழுத்தே. கதவு வச்சே. தூணுக்குத் தூண் நிழல் வச்சே. சனிக்கிழமை உன்ற கூட்டாளிங்க கோட்டைப் பக்கம் தலை வச்சுப் படுத்தாங்களா? வழியில இருந்த சாராயக்கடைக்காரன்கிட்ட வம்பு பேசியே ராத்திரியை ஓட்டிட்டாங்க. அந்தக் கடைக்கு நீ படமே போடலை. ஆனா அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. நீ மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தே, கோட்டை வீணாப் போச்சேன்னு! அடிதடி நடக்கிற எடத்துக்கு மட்டும் கட்டம் போடு சாமி. மிச்சத்துக்கு வாய் இருக்கு.

உன்ற சாப்ட்வேர் படத்து மேல கவிக்கிற அந்த மூடுபனி வித்தையைப் பார்த்தேன், மறைக்கலை, அசந்துட்டேன். ஆள் நகர நகரப் பனி விலகுது, சுவர் வந்தா வெளிச்சம் அங்கேயே நின்னுக்குது. தீப்பந்தம் புடிச்சா 20 அடிக்குப் பளிச்சுனு, அதுக்கு மேல 20 அடிக்கு மங்கலா. செஞ்சவன் கெட்டிக்காரன். ஆனா ராத்திரி மாயார் ரோட்டுல டார்ச்சு அடிச்சுப் பார்த்திருக்கியா? உண்ணிச்செடிப் பொதருக்குள்ள பத்தடியில யானை நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. மொதல்ல சாணி வாசம் வரும். பொறவு குச்சி ஒடியற சத்தம். அதுக்கப்புறம் எந்தச் சத்தமும் வராது பாரு, அப்பத்தான் வயித்தைக் கலக்கும். வாசத்துக்கு உன்ற சாப்ட்வேர்ல பொத்தான் எங்க இருக்கு? காட்டு, பாக்கலாம்.

நெட்டுல ஆடறதுக்கு எந்தச் சாப்ட்வேரை வாங்கறதுன்னு வேற ஒரு மாசமா ஆராய்ச்சி! ‘பேண்டஸி கிரவுண்ட்ஸ்’ 2004லிருந்து இருக்குதாம், ‘ரோல் 20’ 2012லிருந்தாம், ‘பவுண்ட்ரி’ 2020ல வந்துச்சாம். பவுண்ட்ரின்னா நீ ஒருத்தன் வாங்கினாப் போதும், மத்தவங்க பிரவுசர்ல சும்மாவே நுழைஞ்சுக்கலாம்னு குதிச்சே. சரி, அது ஓடறது உன்ற கம்ப்யூட்டர்லதானே? பைக்காராத் தண்ணியில 1932லிருந்து கரண்டு எடுக்கிற சிங்காரா கூப்பிடு தூரத்திலதான். இருந்தாலும் காத்துல ஒரு மரம் கம்பி மேல சாஞ்சா டொராண்டோ பொண்ணு வரைக்கும் உலகம் அஸ்தமனம். மொதல்ல இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கு. அதுவரைக்கும் ‘ரோல் 20’லயோ, அந்தச் சின்ன ‘அவுல்பேர் ரோடியோ’விலயோ ஆடு. அதெல்லாம் அவங்க எடத்தில ஓடுது, நீ இருட்டுல உக்காந்தாலும் மத்தவங்க ஆடிக்கிட்டிருப்பாங்க.

பகடையையும் மிஷினே உருட்டுது. ஏமாத்த முடியாதுங்கறே. தாயம் ஆடறப்போ உன்ற பாட்டி கட்டையை உருட்டற தினுசே தனி. அவ ஏமாத்தறான்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சே விடுவோம். இப்போ நேர்மை வந்திடுச்சு, சண்டை போயிடுச்சு. அது சரி, கதை சொல்ற மாஸ்டர் உருட்டறது மாஸ்டர் கண்ணுக்கு மட்டும் தெரியறாப்பல ஒரு ஏற்பாடு வச்சிருக்கியே, அது எந்த நேர்மையில சேர்த்தி? நல்லா இரு. பாட்டி பேரன்தான் நீ.

கடைசியா அந்த உயிர்ப்புள்ளிக் கணக்கு. இந்த ஆட்டத்துக்கு 2014ல வந்த அஞ்சாம் பதிப்பில புலிக்கு 37, யானைக்கு 76னு வாசிச்சுக் காட்டினே. முதல் படியில இருக்கிற நாலு பேரு சேர்ந்தாப் புலியைச் சமாளிச்சிடலாம்னும் சொன்னே. நெசத்தில 2021ல டி23ங்கற ஒத்தைப் புலியைப் புடிக்கக் கும்கி வந்துச்சு, டிரோன் வந்துச்சு, மோப்ப நாய் வந்துச்சு, மரத்துக்கு மரம் கேமரா கட்டினாங்க. அக்டோபர் 15ஆம் தேதி, இதே மசினகுடி பக்கத்தில மயக்க ஊசி போட்டுப் புடிச்சு மைசூருக்குக் கொண்டு போறதுக்குள்ள மூணு வாரம் ஆயிடுச்சு. நாலு பேராம்! அதே பதிப்பில யானை விலை 200 பொற்காசு, மிருகத்துக்கு ஒரு நாள் தீவனம் பத்துப் பவுண்டாம். நம்ம கணக்குல நாலரைக் கிலோ. தெப்பக்காட்டு யானை முகாம் பாகன்கிட்டப் போய்ச் சொல்லு, சிரிச்சே விழுந்திடுவான். காட்டுல யானை ஒரு நாளைக்கு நூத்தம்பது கிலோ திங்கற சீவன்.

அதனால வர்ற சனிக்கிழமை எனக்கும் ஒரு ஆளைப் போட்டு வை. பாகன் வேசம். 200 காசை எண்ணி வச்சு யானையை வாங்கிடுவேன். ரெண்டாம் நாள் காலையில அது நாலரைக் கிலோவைத் தின்னு முடிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் உன்னைப் பார்ப்பேன். எந்தப் பொத்தானை அமுக்குவேன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்க கண்ணு.