பத்தங்குல முறுக்கு

என்ன பேராண்டி, போன நோண்டிக்கிட்டே திண்ணையில ஏறிட்ட? துப்பாக்கிக் குண்டு செகண்டுக்கு எத்தன சுத்து சுத்தும்னு பாக்கியா? அதுக்கும் ஒரு ஆப்பு வந்திருச்சா? ஆப்ப அசைச்ச கொரங்கு கத தெரியும்ல? சரி, என்ன சொல்லுது? 244, புள்ளிக்கு அங்கிட்டு ஆறு சைபரு. பேஷ். சைபரக்கூட எண்ணி வச்சிருக்கு.

நம்ம பக்கத்துப் போலீஸ்காரக ரொம்ப காலம் தோள்ல மாட்டித் திரிஞ்சாகளே த்ரீ நாட் த்ரீ, அந்த லீ என்ஃபீல்டத்தான கேக்க? குழலுக்குள்ள அஞ்சு காடி வெட்டியிருப்பான். போல்ட்டுல மரை ஓடுதுல்ல, அதே சங்கதி, நீளமா இழுத்துவிட்ட மரை. பத்து அங்குலம் போனா ஒரு முழுச்சுத்து. அதுவும் இடம்புரி. குண்டு வெளிய வாரப்போ வேகம் செகண்டுக்கு 2440 அடி. அந்த 2440 அடிக்குள்ள எத்தன பத்தங்குலம் இருக்கு? அம்புட்டுத்தாம்டா கணக்கு.

நீ அடிய எடுத்து அங்குலத்தால வகுத்துப்புட்ட. விருதுநகர் பஜார்ல பருப்பக் கிலோவுல வாங்கி, படிக்கணக்குல விலையப் போட்டா கடை எத்தன நாளு நிக்கும்? பன்னெண்டால பெருக்கிட்டு வகு. 2928 சுத்து. நிமிஷத்துக்கு 1,75,680. ஒன் மோட்டார் சைக்கிள என்னதான் முறுக்கு, அந்த எண்ணப் பாக்குமா?

பெறகு அந்தத் தசமம். ஒரே பெட்டித் தோட்டாதான், காலையில ஒரு வேகம், உச்சி வெயில்ல ஒரு வேகம். மருந்து சூடேறுனா குண்டு துள்ளும். கந்தக பூமியில பொறந்தவனுக்கு இதையும் நாந்தான் சொல்லணுமா? வேகம் அம்பது அடி கூடுனா அறுவது சுத்து கூடிருது. இதுல ஆறாவது தசமத்த நெத்தியில ஒட்டிக்கிறப் போறியா? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல கல்கத்தா போயித் தீப்பெட்டி வித்தையக் கத்துட்டு வந்தாகளே, எந்த ஆப்ப எறக்குனாக?

எதுக்கு சுத்தணும்னு ஒரு வாட்டியாச்சும் கேட்டியா? சிவகாசி ராக்கெட்டுக்கு எதுக்கு அம்புட்டு நீளக் குச்சி? குச்சி இல்லாத ராக்கெட்டு அடுத்தவன் வைக்கப்போர்லதான் போயி விழும். குண்டுக்குக் குச்சி கட்ட முடியுமா? அதான் சுத்த விடுறது. வில்லியம் ஹேல்னு ஒரு இங்கிலீஷ்காரன், 1844ல ராக்கெட்டுக்கே குச்சியப் புடுங்கிட்டு, புகை போற ஓட்டையச் சாய்ச்சு வச்சுச் சுத்த விட்டான். நம்ம சங்கு சக்கரம் தரையில செய்யுறத அவன் ஆகாசத்துல செஞ்சான்.

முறுக்கு எம்புட்டு வேணுங்கறது குண்டோட நீளத்தப் பொறுத்தது. நெட்டக் குண்டு சீக்கிரம் தலகுப்புற விழப் பாக்கும், அதுக்கு முறுக்கு நெருக்கமா வேணும். கட்டக் குண்டுக்கு லேசாப் போதும். 1857 கலகத்துக்குத் திரி கொளுத்துச்சே கொழுப்புத் தடவுன தோட்டா, அது போன என்ஃபீல்டுல 78 அங்குலத்துக்கு ஒரு சுத்துத்தான். 900 அடி வேகம்னு வச்சாலும் செகண்டுக்கு 138. கிரீன்ஹில்னு ஒரு கணக்கு வாத்தியார் 1879ல ஒத்த வரியில முடிச்சுட்டாரு: குறுக்களவ வர்க்கம் பண்ணி, 150ஆல பெருக்கி, நீளத்தால வகு. த்ரீ நாட் த்ரீக்குப் போட்டுப் பாரு, பதினொண்ணு சொச்சம் வரும். செஞ்சவன் பத்தாக் குறைச்சு, கொஞ்சம் கூடவே முறுக்கிவிட்டிருக்கான். வெவரமானவன்.

இன்னொண்ணும் தப்பாப் போட்டிருக்க. தூரம் போகப் போக வேகம் குறையுதுன்னு சுத்தையும் அதே கணக்குல குறைச்சிருக்கியே, வெளிய வந்த பெறகு காடி ஏதுடா? வேகமும் சுத்தும் அங்கிட்டே பாகம் பிரிஞ்சிருது. அரை மைலுக்குள்ள வேகத்துல பாதி காணாமப் போயிரும், எதிர்க்காத்து மூக்குல முட்டுதுல்ல. சுத்துறத மேலாகத் தடவுறதுதான் காத்தால ஆகும். அது மெல்லத்தான் தேயும்.

நம்பலையா? போனக் கீழ வையி. உள்ள பரண்ல ஒங்க அப்பனோட பம்பரம் கெடக்கும், எடுத்துட்டு வா. சாட்டையையும் பாத்து எடு, எலி கடிச்சிருக்கப் போகுது.