மூதேவிக்கே ஒரு காக்கைதான்

அடேய் பேராண்டிகளா, மன்றத்துக்கு நீங்க போட்ட கொடி பிரமாதம். திண்ணையில விரிச்சு, மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஆற அமரப் படிச்சேன். காளை இருக்கு, டிராக்டர் இருக்கு, கோபுரம் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, குலுக்குற கை ரெண்டு, உதிக்கிற சூரியன் ஒண்ணு. கீழ மன்றத்தோட முழுப்பேரு, ஆரம்பிச்ச வருசம், பதிவு எண். ஒரே குறை, வலது மூலையில நாலு விரக்கடை எடம் சும்மா கெடக்கு. பொருளாளரோட செல் நம்பரப் போட்டா நெறைஞ்சிரும்.

எதுக்கு இம்புட்டுன்னு நான் கேக்க மாட்டேன். காளை மேலத்தெருவுக்கு, டிராக்டர் கீழத்தெருவுக்கு, கம்ப்யூட்டர் மெட்ராஸ்ல வேலை பாக்குற செயலாளருக்கு. ஒருத்தர விட்டாலும் கோவிச்சுக்குவாக. கொடை நோட்டீஸ்ல பேரு விட்டுப்போச்சுன்னு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அத்துப்போன ஊருல்ல! ஆனா நோட்டீஸக் கையில வச்சுப் படிக்கலாம். கொடி 30 அடி ஒசரத்துல காத்துல அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். அதப் படிக்கணும்னா காத்து நிக்கணும். காத்து நின்னா கொடி தொங்கிரும். அப்புறம் கம்பத்துல ஏறித்தான் படிக்கணும்.

பழைய ஆளுக வெவரமானவுக. சேரனுக்கு வில்லு, சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீனு. பாண்டியன் முத்துக் குளிச்ச கதையையும் சங்கம் வளத்த கதையையும் துணியில எழுதலையே! சாமிகளும் அப்படித்தான். முருகனுக்குச் சேவல், சிவனுக்குக் காளை, பெருமாளுக்குக் கருடன். துரியோதனனுக்குத் தம்பிமாரே 99 பேரு. ஆளுக்கொரு படம் கேக்காம ஒத்தப் பாம்போட அடங்கிக்கிட்டாக. அட, மூதேவி கொடியில என்ன இருக்கு? காக்கை. ஒரே ஒரு காக்கை. எட்ட இருந்தே பாத்து ஓடிரலாம்.

எழுத்துச் சங்கதிக்கு வாரேன். துணிக்கு ரெண்டு பக்கம் உண்டுன்னு உங்க தலைவருக்கு யாரும் சொல்லலையோ? முன்னால நிக்கிறவனுக்குத்தான் அது மன்றத்துப் பேரு. பின்னால நிக்கிறவனுக்கு எல்லா எழுத்தும் இடம் வலம் மாறிக் கெடக்கும். சுதந்திரத்துக்கு முன்னால மூவர்ணக் கொடியில ராட்டை இருந்துச்சு. 1947 ஜூலை 22 அன்னிக்கு அரசியல் நிர்ணய சபையில கொடித் தீர்மானத்தக் கொண்டாந்த நேரு, ராட்டைய எடுத்துட்டுச் சக்கரத்த வச்சதுக்கு ஒரு காரணமா இதத்தான் சொன்னாரு: ஒரு பக்கம் இருக்கிறாப்புலயே மறுபக்கமும் இருக்கணும். ராட்டையத் திருப்பினா முன்பின் மாறிரும். சக்கரத்த எப்படித் திருப்பினாலும் அதே 24 ஆரந்தான். நாட்டுக்கே தேவைப்பட்ட யோசனை உங்க மன்றத்துக்கு வேண்டாமாக்கும்? சவூதிக் கொடியில எழுத்து இருக்கேன்னு கேப்பீக. இருக்கு. ரெண்டு பக்கமும் நேரா வாசிக்கணும்னு ரெண்டு துணியச் சேத்துத் தைக்கிறாக. அவுககிட்ட எண்ணெய்க் கிணறு இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது அடிபம்பு. அதுலயும் தண்ணி வரல.

பேத்தி செல்போன்ல ஒண்ணு காட்டினா. அமெரிக்காவுல, ஐடஹோ மாநிலத்துல பொக்கடெல்லோன்னு ஒரு ஊரு. கொடி ஆராயுற சங்கத்துக்காரக 2004ல 150 ஊர்க் கொடிக்கு மார்க் போடவச்சதுல இவுகதான் கடைசி. கொடியில ஊரோட முழக்கம், பக்கத்துல வணிக முத்திரைக் குறி, பொடி எழுத்துல காப்புரிமை வேற. எவனாச்சும் களவாண்டுருவானாம்! 2017ல மானம் தாங்காம வேற கொடிக்கு மாறிட்டாக. அதே நாட்டுல சிகாகோக் கொடியப் பாருங்க. வெள்ளைத் துணி, ரெண்டு நீலப் பட்டை, நாலு செவப்பு நட்சத்திரம். அம்புட்டுத்தான். சனங்க அத பனியன்ல போட்டுக்கிறாக, உடம்புல பச்சையே குத்திக்கிறாக. உங்க கொடியப் பச்சை குத்தணும்னா ஒருத்தன் முதுகு பத்தாது, மச்சினன் முதுகையும் கடன் வாங்கணும்.

நெறம் ரெண்டு மூணு போதும். வெள்ளையும் மஞ்சளும் மட்டும் ஒட்டி வரவேண்டாம், எட்ட நின்னா ஒண்ணாத் தெரியும். பக்கத்து ஊருக் கொடியையும் ஒருதரம் பாத்துக்கங்க. 1936ல பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹைத்தியும் லீக்டன்ஸ்டைனும் ஒரே கொடியத் தூக்கிட்டு வந்து முழிச்சாக. மறுவருசம் லீக்டன்ஸ்டைன்காரக ஒரு கிரீடத்த வச்சுப் பொழைச்சுக்கிட்டாக. கபடி மைதானத்துல ரெண்டு ஊரும் ஒரே கொடியோட நின்னா நான் யாருக்குக் கை தட்ட?

நாளைக்குப் பள்ளிக்கூடத்துல மூணாப்புப் புள்ளைகளுக்கு இந்தக் கொடிய ஒருதரம் காட்டிட்டு மடிச்சு வச்சிருங்க. பாக்காம சிலேட்டுல வரையச் சொல்லுங்க. அதுக கையில எது வருதோ அத மட்டும் டெய்லர்கிட்டக் குடுங்க. கம்ப்யூட்டர் வரலைன்னு செயலாளர் கோவிச்சா என்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்.