கூரை மேல ஏறாதலே!

ஏலே பேராண்டிகளா, செங்கோட்டை வாஞ்சி சிலைப் பக்கம் போனைத் தூக்கிக்கிட்டு ‘அடி, அடி, பின்னாடி நிக்காம்லே’ன்னு கத்துதீங்களே, உங்களுக்குத்தான் சொல்லுதேன். இந்தக் கெழவனுக்கு அந்தப் பப்ஜி வெளையாட்டு தெரியாதுன்னு நெனைச்சிராதீங்க. நூறு பேரு விமானத்துலேர்ந்து குதிக்கான், வட்டம் சுருங்கிக்கிட்டே வருது, கடைசியா நிக்கவனுக்குச் சிக்கன் டின்னர். அந்தச் சிக்கன் இன்னைக்கு வரைக்கும் ஒரு பய இலையிலயும் விழுந்ததில்ல. பிரானூர் பார்டர் கோழிக்கடைல போய் உக்காந்தா ஒரு தோட்டா செலவில்லாம வரும், அது வேற சங்கதி.

சர்க்காரும் ஆன மட்டும் மல்லுக்கட்டிப் பாத்துருச்சு. 2020 செப்டம்பர்ல பப்ஜிக்குத் தடை. 2021 ஜூலைல அதே சரக்கு பிஜிஎம்ஐன்னு பேரை மாத்தி, ரத்தத்தைப் பச்சையாக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. 2022 பிப்ரவரில அதே மாதிரி இன்னொரு ஆட்டம், ஃப்ரீ ஃபயரைத் தூக்குனாங்க. அவன் அண்ணன் ‘மேக்ஸ்’ அப்படியே கெடந்தான். அந்த ஜூலைல பிஜிஎம்ஐயும் போச்சு, மறு வருசம் மே மாசம் திரும்பி வந்துச்சு. பதினெட்டு வயசு ஆகாதவனுக்கு நாளைக்கு 3 மணி நேரந்தான்னு கம்பெனிக்காரன் கணக்கும் வெச்சான். நீங்க என்ன பண்ணுனீங்க? அப்பன் பேருல ஐடியைத் தொறந்தீங்க. நாப்பத்தஞ்சு வயசு மனுசன் நடுச்சாமத்துல உக்காந்து அடுத்தவனை ‘நூப்’னு ஏசுதானேன்னு எதிராளி மெரண்டு போயிருப்பான்.

2025 ஆகஸ்ட்ல மத்திய சர்க்கார் இன்னொரு சட்டம் போட்டுச்சு. காசு கட்டி ஆடுத ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம். நல்லதுதான். ஆனா எந்தச் சட்டத்துலயும் ‘கூரை மேல ஏறாதே’ன்னு எழுதல. அதை எழுதுனது நீங்கதாம்லே. உங்களுக்குள்ள மட்டும் ஆடக் கஸ்டம் ரூம் போடும்போது என்ன பேசிக்கிடுதீங்க? ‘ரூஃப் கெடையாது, எறிகுண்டு கெடையாது, ஒன் டாப் மட்டுந்தான்.’ கூரை ஏறப்பிடாது, ஒரே அடியில தலையில அடிக்கணும்னு அர்த்தம். நடுவர் உண்டா? இல்ல. போலீஸ் உண்டா? இல்ல. ஏறுனா ஏறலாம், போன் ஒண்ணும் தடுக்காது. ஆனாலும் முக்காவாசிப் பய ஏற மாட்டான். குத்தாலத்துல சீசன் நேரம் மெயினருவியில ஒரு ஆளு எவ்வளவு நேரம் நிக்கலாம்னு போர்டா தொங்குது? தலை நனைஞ்சதும் நகந்து அடுத்தவனுக்கு எடம் விடுதான்லா, அந்தக் கணக்குத்தான் இதுவும். உங்க வெளையாட்டுல எனக்குப் பிடிச்சது இந்த ஒண்ணுதான்.

ஆனாலும் ஏமாத்தியே தீருவேன்னு ஒருத்தன் ஒத்தக்கால்ல நின்னா, பெரிய மனுசன் நான் வழி சொல்லாம இருக்கப்பிடாது. கேட்டுக்கோ.

மொத வழி, ஹேக். சுவத்துக்கு அந்தப் பக்கம் நிக்கவனும் தெரிவான், குண்டு தானா தலையைத் தேடிப் போவும். 2018 அக்டோபர்ல ஆப்டிக் இந்தியான்னு ஒரு அணி, ஷாங்காய் வரைக்கும் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடப் போச்சு. அதுல ஒருத்தன் கள்ள மென்பொருளுக்கு ‘வேர்டு’ன்னு பேரு வெச்சு கம்ப்யூட்டர்ல ஒளிச்சிருந்தான். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவுல இவன் என்னலே மனு எழுதுதான்னு நடுவருக்குச் சந்தேகம் வராதா? ஆட்டத்துக்கு எடையிலயே மாட்டிக்கிட்டான். அவனுக்கு அஞ்சு வருசத் தடை. அது கெடக்கட்டும். ஒரு பாவமும் அறியாத மத்த நாலு பேரும் மூட்டையைக் கெட்டுனாங்க, அணியையே கலைச்சுட்டாங்க. ஹேக் போடுதவன் எதிராளியைச் சுடுதேன்னு நெனைக்கான். மொதல்ல விழுதது பக்கத்துல நிக்க சேக்காளி.

ரெண்டாவது, பதுங்கிக் கெடக்கது. புல்லுக்குள்ள படுத்துக்கிட்டு வாறவன் போறவனைச் சுடுதது. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சண்டைன்னா மறைவும் உண்டுதான். ஆனா ஒண்ணு நெனைச்சுக்கோ. மறைஞ்சு நின்னு வாலியை அடிச்ச ராமரையே இன்னும் பட்டிமன்றத்துல நிப்பாட்டிக் கேள்வி கேக்காங்க. அவருக்கே இந்தக் கெதின்னா, நீ எம்மாத்திரம்? ஆயுதம் எழந்து நின்ன ராவணனை நாளைக்கு வான்னு அனுப்பி வெச்சதும் அதே ராமர்தான். அதுக்கு மட்டும் யாரும் பட்டிமன்றம் வைக்கல.

மூணாவது, தனி ஆட்டத்துல ரெண்டு பேரு கூட்டுச் சேந்து மத்தவனை வளைச்சு அடிக்கது. நாலாவது, அடிபட்டு நாக் ஆகித் தவந்துக்கிட்டுக் கெடக்க சேக்காளியைத் தூக்கி விடாம, எப்ப சாவான்னு காத்திருந்து அவன் பெட்டியைத் தடவுதது. இதுக்கெல்லாம் ஐடி தப்பிச்சாலும் தப்பிக்கும்லே. நாளைக்கு ஸ்குவாடுக்கு ஆள் கூப்பிடும்போது தெரியும்.

அஞ்சாவது, மைக்கைப் போட்டு எதிராளியோட அம்மையை இழுத்து ஏசுதது. அதுக்கு ஒரு கள்ள ஐடி, அதுல ஒரு சிங்கப் படம். எந்தச் சிலைக்குப் பக்கத்துல நின்னு ஏசுதன்னு ஏறிட்டுப் பாத்தியா? 1911 ஜூன் 17, மணியாச்சியில ரயில் பெட்டிக்குள்ளயே ஏறி கலெக்டர் ஆஷ் துரைக்கு முன்னால நின்னு சுட்டவரு அந்த வாஞ்சி. சட்டைப் பையில இருந்த காகிதத்துல காரணமும் எழுதியிருந்துச்சு, சொந்தப் பேரும் இருந்துச்சு. அவரு செஞ்சது சரியா தப்பான்னு பெரியவங்க பேசட்டும். பேரை மறைக்கலைல்லா?

சண்டைக்கு முந்தி பசுவையும் பொம்பளையளையும் நோயாளியையும் ஒதுங்கச் சொல்லிட்டு அம்பை எடுத்த ராசாவைப் புறநானூறு பாடிவெச்சிருக்கு. அப்பவும் அவனை மிரட்ட நடுவர் இல்ல. அதனால மாப்ளைகளா, ரேங்கைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. நேத்துத் தோத்தவன் இன்னைக்கும் ஒன்கூட ரூம் போட வாறானா? வந்தா நீ வெளையாட்டுக்காரன். வரலைன்னா, நீ எத்தனை சிக்கன் டின்னர் தின்னுருந்தாலும் கள்ளாட்டக்காரப் பயதாம்லே.